இறங்காதை என்று சொன்ன மூன்று கிழமைகள்

வவுனியா ரயில் நிலையத்து மர வாங்கில் குந்தியிருந்து நான் முறுக்குக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது.

மத்தியான நேரம். மழை சற்று விட்டிருந்தது. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கொழும்பு ரயில் இன்னும் வரவில்லை. என்னைச் சுற்றிக் கலியாண வீடு மாதிரி ஒரு கூட்டம். கண்டாவளைப் பக்கத்துக் குளக்கரைக் கிராமம் ஒன்றின் மாதர் சங்கம் முழுவதும் மினிபஸ் பிடித்து என்னை வழியனுப்ப வந்திருந்தது. ஒருத்தி மிளகாய்த்தூள் சரையை என் பெட்டிக்குள் திணிக்கிறாள். ஒருத்தி தட்டை வடைப் பையை மடியில் வைக்கிறாள். பெட்டி பூட்டாது, விமானத்தில் ஏற்றமாட்டார்கள் என்று நான் கத்துவதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போனில் சுதாவின் பெயர் விழுந்தது. அந்தச் சங்கத்தில் சுதா மட்டும்தான் வரவில்லை. பயணம் சொல்ல எடுக்கிறாள் என்று நினைத்து, வாயில் முறுக்கோடு "சொல்லுங்கோ" என்றேன்.

"அக்கா, பிள்ளையைக் காணேல்லை."

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. சுதாவுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு பிள்ளை. எட்டோ ஒன்பதோ வயதான தர்மிகா. அவளுக்குத் தண்ணீரில் மிதக்கப் பழக்கியவள் நான்.

வாயில் இருந்த முறுக்கைத் துப்பினேன்.

என்னத்தைக் கிழிக்கப் போறாய்?

நான் எழுதிவரும் இந்தப் பத்தித் தொடரை விடாமல் வாசிக்கிற பெறாமகள் ஒருத்தி லண்டனில் இருக்கிறாள். போன கிழமை போன் எடுத்து, "சித்தி, எனக்கு மூண்டு கிழமை லீவு கிடக்கு. வன்னிக்குப் போய் ஏதாவது தொண்டு செய்யப் போறன். அந்த நாளை எப்பிடி உருப்படியாப் பாவிக்கிறது?" என்று கேட்டாள்.

போயும் போயும் என்னிடம் கேட்டாளே! நான் டென்மார்க்கில் ஒரு நகரத்து நீச்சல் தடாகத்தில் பிள்ளைகளுக்கு நீந்தப் பழக்குகிறவள். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். வன்னிக்குப் போய் அங்குள்ள பிள்ளைகளுக்கும் பழக்கப் போகிறேன் என்று நான் வெளிக்கிட்டபோது என் மனுசன் பேப்பரில் இருந்து தலையை எடுக்காமலேயே, "மூண்டு கிழமையில என்னத்தைக் கிழிக்கப் போறாய்?" என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. டிக்கெட்டை அன்றைக்கே போட்டேன்.

அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதை இன்றுவரை அவரிடம் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தப் பக்கத்தை அவர் வாசிக்காமல் இருக்கக் கடவுள் அருள் புரியட்டும்.

பெறாமகளுக்கு அதைச் செய் இதைச் செய் என்று எழுத எனக்கு வராது. அந்த வாங்கில் இருந்த நேரத்தைச் சொல்கிறேன். அவள் கெட்டிக்காரி, வேண்டியதை எடுத்துக்கொள்வாள்.

அடி தெரியாத தண்ணீர்

அந்த இருபத்தொரு நாளுக்கு நான் போய் இறங்கியது மாரி மழை தொடங்கக் கொஞ்சம் முன்னர். அந்தப் பக்கம் எங்கு திரும்பினாலும் குளம், வாய்க்கால், வயல். தண்ணீரோடு வாழ்கிற சனம், எல்லாருக்கும் நீந்தத் தெரியும் என்றுதான் வெளியே இருக்கும் நாங்கள் நினைப்போம். ஆண்களில் சிலர் கையைக் காலை அடித்து ஒருமாதிரிப் போவார்கள். பெண்கள் குளத்தில் குளிப்பார்கள், துவைப்பார்கள், இடுப்பளவு தாண்ட மாட்டார்கள். பிள்ளைகள் மழைக்காலத்தில் குளக்கட்டு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

முதல் நாள் குளக்கட்டில் நின்று பார்த்தபோது எனக்கே பயம் பிடித்தது. என் தடாகத்தில் தண்ணீர் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அடியில் பதித்த நீல ஓடு தெரியும். பிள்ளை விழுத்திய தோட்டைக்கூடக் கண்டு எடுக்கலாம். இங்கே முழங்கால் அளவில் இறங்கினாலே என் பாதம் எனக்குத் தெரியவில்லை. சேறு. தாமரைக் கொடி காலைச் சுற்றுகிறது.

முதலை இருக்கிறதா என்று விசாரித்தேன். இருக்கிறதாம். ஆனால் நல்ல முதலையாம். அது அந்தப் பக்கத்தில்தான் படுக்குமாம், இந்தப் பக்கம் வருவதில்லையாம். இதைச் சொன்னவர் சங்கத்தின் பொருளாளர் ராணி அக்கா. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர், நல்ல தடித்த உடம்பு, எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்லுவா. நான் சிரிக்கவில்லை. குளத்தில் மீன் பிடிப்பவர்களிடம் பழைய வலை வாங்கி, கம்பு நட்டு, கரையோரத்தில் ஒரு மூலையை அடைத்த பிறகுதான் ஒரு பிள்ளையைத் தண்ணீரில் இறக்கினேன்.

பின்னேரம் பிள்ளைகள். காலையில் சமையல் முடித்துவிட்டுத் தாய்மார். தாய்மார் வீட்டில் போடும் நீளச் சோட்டிச் சட்டையோடு இறங்க, சோட்டிக்குள் காற்றுப் புகுந்து பந்துபோல ஊதிவிடும். அதைப் பார்த்து அவர்கள் சிரிக்கிற சிரிப்பு அடுத்த கிராமத்துக்குக் கேட்கும். அந்தச் சிரிப்பின் நடுவிலும் நான் தலைகளை எண்ணிக்கொண்டே இருந்தேன். திரும்பத் திரும்ப எண்ணினேன்.

முதுகுக்குக் கீழே ஒரு கை

எனக்கும் நீச்சல் பிறவியில் வந்ததல்ல. டென்மார்க்குக்குப் போய், மகன் பிறந்து, அவனை மற்றப் பிள்ளைகளோடு தடாகத்துக்கு அனுப்ப வேண்டி வந்தபோது, அவன் மூழ்கினால் என்ன செய்வேன் என்ற பயத்தில்தான் முப்பது தாண்டிய வயதில் நானும் இறங்கினேன்.

பழக்கியவர் ஒரு டெனிஷ் கிழவி. நான் மல்லாக்கப் படுக்க, முதுகுக்குக் கீழே கையை வைத்திருப்பார். கை இருக்கிறது என்ற நம்பிக்கையில் நான் கிடப்பேன். ஒருநாள் திரும்பிப் பார்க்கிறேன், ஆள் கரையில் நின்று கோப்பி குடிக்கிறார். கை எப்போதோ போய்விட்டது. அந்தக் கணமே நான் தாண்டு, தண்ணீருக்குள் மூழ்கிப் போனேன்.

இதில் ஒரு விசயம் இருக்கிறது. கையை எடுத்த பிறகும் அந்தக் கிழவி நாலு மாதம் என்னைப் பழக்கினார். நான் வன்னியில் கையை எடுத்தால் அடுத்த நாள் ரயில் ஏற வேண்டியவள்.

இரண்டாம் கிழமை நடுவில் இந்தப் பயம் என்னை நன்றாகப் பிடித்துக்கொண்டது. வலைக்குள் இறங்க அழுத பிள்ளைகள் இப்போது என்னைக் கண்டதும் ஓடிவந்து தொம்மென்று குதிக்கிறார்கள். தண்ணீருக்குப் பயந்த பிள்ளை கரையிலேயே நிற்கும், தப்பிக்கும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளையும் தப்பிக்கும். நான் உண்டாக்கியிருப்பது இரண்டுக்கும் நடுவில் ஒன்று. பயத்தை எடுத்துவிட்டேன், பதிலுக்குக் கொடுக்க நாள் இல்லை. இரவில் நித்திரை வரவில்லை.

அதனால் நீச்சலைக் கைவிட்டேன். மிச்ச நாள் முழுக்க இரண்டே விசயம். பிள்ளைகளுக்கு: எது நடந்தாலும் மல்லாக்கப் படு, முகத்தை மேலே வை, கத்தாதே, கிட. தாய்மாருக்கு: யார் தாண்டாலும் இறங்காதே. எறி.

எறிவதற்கு வெற்றுப் பிளாஸ்ரிக் கானும் கயிறும். கானுக்குள் இரண்டு கை தண்ணீர் விட்டு மூடியை இறுக்க வேண்டும். அந்தப் பாரம் இருந்தால்தான் எறிகிற இடத்துக்குப் போகும். எறிந்துவிட்டுக் கரையில் படுத்துவிட வேண்டும், நின்றால் இழுத்து விழுத்திவிடும்.

கான் எறிய உடனே பழகிக்கொண்டார்கள். இறங்காதே என்பதைத்தான் ஒருவரும் ஏற்கவில்லை. சங்கமே என்னோடு சண்டைக்கு வந்தது. ராணி அக்கா முதன்முறையாகச் சிரிக்காமல் கேட்டா.

"பெத்த தாய் கரையில நிண்டு பாத்துக்கொண்டு இருக்கிறதோ? என்ன கதை இது?"

சுதா

அந்தச் சண்டையின்போது குளக்கட்டில் குடையோடு இருந்த ஒருத்தி எழுந்து போய்விட்டாள். அவள்தான் சுதா. முப்பத்தைந்து வயது இருக்கும். தினமும் வருவாள், தன் பசுவைக் குளக்கட்டில் கட்டிவிட்டு, மருத மரத்தடியில் இருந்து பார்ப்பாள். தண்ணீரில் கால் நனைத்ததே இல்லை. மகள் தர்மிகாவை இறக்கவே ஒரு கிழமை கெஞ்ச வேண்டியிருந்தது.

அவள் போன பிறகுதான் ராணி அக்கா எனக்குச் சொன்னா. சில வருடங்களுக்கு முன் சுதாவின் மூத்த மகன் இதே குளத்தில் கொடியில் சிக்கினான். தகப்பன் குதித்தான். அவனுக்கு ஓரளவு நீந்தத் தெரியும். பிள்ளை பயத்தில் தகப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டது. இரண்டு பேரையும் ஒன்றாகத்தான் எடுத்தார்களாம்.

இனி இவள் இந்தப் பக்கம் வரமாட்டாள் என்று நினைத்தேன். அடுத்த நாளும் பசுவோடு வந்தாள். எல்லாரும் போகும்வரை இருந்துவிட்டு என்னிடம் வந்து, தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அண்டைக்கு அவர் இறங்காமல் விட்டிருந்தா, ஒராள் எண்டாலும் எனக்கு மிஞ்சியிருக்குமோ அக்கா?"

 நான் என்னவென்று சொல்வது? அவளும் பதிலுக்கு நிற்கவில்லை. பசுவை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு தர்மிகாவை வலைக்குள் இறக்கும்போதெல்லாம் அவளை விட்டு ஒரு முழம் விலகமாட்டேன். அவளோ எல்லாரிலும் கெட்டிக்காரி. கை கால் விரித்துக் கிடந்தாளென்றால் கூப்பிட்டாலும் எழும்பமாட்டாள். மழை தொடங்கி, குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கினால் ஒருவரும் இறங்கக்கூடாது என்று அவளைத் தனியாகப் பிடித்துவைத்துச் சொன்னேன். குளம் தாங்காமல் மேலதிகத் தண்ணீர் கட்டுக்கு மேலாக வழிந்து ஓடும் இடத்தைத்தான் அங்கே வான் என்பார்கள். வான் பாய்ந்தால் குளம் முழுவதும் அந்தப் பக்கம் இழுக்கும். ஓம் ஓம் என்று தலையை ஆட்டினாள். பிள்ளைகள் எதற்குத்தான் தலை ஆட்டமாட்டார்கள்?

பொலித்தீனுக்குள் ஒரு மிதவை

டென்மார்க்கில் இருந்து நான் ஒரு மிதவை வளையமும் கொண்டு போயிருந்தேன். செம்மஞ்சள் நிறம், சுற்றிவர நல்ல கயிறு. மாலை போட்டு வரவேற்று வாங்கினார்கள். நானே மருத மரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன்.

இரண்டு நாளில் அதைக் காணவில்லை. தேடினால், சங்கக் கட்டடத்து அலுமாரிக்குள் பொலித்தீன் சுற்றிப் படுத்திருக்கிறது. வெயில் பட்டால் நிறம் போய்விடுமாம். வெளிநாட்டுச் சாமான், யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். வாங்கின கதிரை மேசைக்கு வருடக்கணக்காகப் பொலித்தீன் கழற்றாத சனம் அல்லவா நாங்கள்! டென்மார்க்கில் என் வீட்டு ரிமோட்டுக்கும் பொலித்தீன்தான். இருந்தாலும் கெட்ட கோபம் வந்தது. தாறுமாறாக ஏசி, திரும்பவும் மரத்தில் தொங்கவைத்தேன். அதற்குப் பிறகு நான் பார்த்த நாளெல்லாம் அது மரத்திலேயே இருந்தது.

நான் வெளிக்கிடும் நாளும் வந்தது. கடைசி மூன்று நாளும் நல்ல மழை. வவுனியாவில் மச்சாள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மத்தியான ரயில் பிடிப்பதாகத் திட்டம். தனியாகப் போகிறேன் என்றால் கேட்டால்தானே. மனுசரை வழியனுப்பாமல் விடுவதா என்று மினிபஸ்ஸைப் பிடித்துவிட்டார்கள். தர்மிகாவும் வர நின்றாள். அவளுக்கு இருமல், மழையில் வேண்டாம் என்று சுதா மறித்துவிட்டாள். பிள்ளை பஸ்ஸுக்குப் பின்னால் அழுதுகொண்டு கொஞ்சத் தூரம் ஓடிவந்தது.

வாங்கில் இருந்தபடி

இனி வவுனியாவுக்கு வருகிறேன்.

சுதா குளக்கட்டில் நடந்தபடியே கதைத்தாள். பிள்ளை கோபத்தில் எங்கேயோ ஒளித்திருக்கிறாள் என்று முதலில் நினைத்தாளாம். இப்போது மருத மரத்தடியில் செருப்பைக் கண்டிருக்கிறாள். மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு அவள் குரலே மாறியது.

"அக்கா, அங்க கிடக்கிறாள். தண்ணிக்க. அசையிறாளில்லை."

என்னைச் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் என் முகத்தைப் பார்த்து ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"முகம் மேலயோ கீழயோ?"

"மேல. மேலதான். வான் பக்கமாப் போறாள் அக்கா, நான் இறங்கப் போறன்."

அதுவரை அவளை நீங்கள் என்றுதான் அழைத்திருக்கிறேன்.

"சுதா, இறங்காதை. அவள் மிதக்கிறாள். நான் சொல்லிக் குடுத்ததைத்தான் செய்யிறாள். நீ இறங்கினா உன்ரை கழுத்தைக் கட்டுவாள். மரத்தில இருக்கிற வளையத்தை எடுத்து எறி."

"மரத்தில இல்லை அக்கா!"

ராணி அக்காவை நிமிர்ந்து பார்த்தேன்.  மெதுவாகக் கைப்பையைத் திறந்து அலுமாரித் திறப்பை, அந்தச் சின்னச் சாவியை, எடுத்து என் முன்னால் நீட்டினா. எல்லாரும் வெளிக்கிடுகிறோம், குளக்கட்டில் பார்க்க ஆள் இல்லை, அதுதான் உள்ளே வைத்துப் பூட்டினேன் என்றா. 

அப்போதுதான் எனக்கு முழுவதும் உறைத்தது. கான் எறியத் தெரிந்த அத்தனை பேரும் வடைப் பையோடு வவுனியாவில் நிற்கிறார்கள். மிதவையின் திறப்பும் வவுனியாவில் நிற்கிறது. ஆண்கள் வயலில். குளக்கட்டில் இருப்பது ஒருநாளும் காலை நனைக்காத சுதா ஒருத்தி.

"கான் ஏதும் கிடக்கோ பார். கயிறு வேணும்."

"பசுவுக்குத் தண்ணி வைக்கிற கான் இருக்கு." அவள் ஓடுவது கேட்டது. "பசுவின்ரை கயிறு இருக்கு."

"கயிறைக் கானில கட்டு. கொஞ்சம் தண்ணி விட்டு மூடு. அவளைத் தாண்டி விழ எறி. எறிஞ்சிட்டுப் படு. இறங்காதை சுதா, கேக்குதோ? இறங்காதை."

 போனைப் புல்லில் போட்டுவிட்டாள். அழைப்பு மட்டும் துண்டிக்கப்படவில்லை.

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு இருந்தேன். காற்றுக் கேட்டது. அவிழ்த்துவிட்ட பசு கத்துவது கேட்டது. அதற்கும் பின்னால் ஓயாமல் தண்ணீர் இரைச்சல். அது வானாகத்தான் இருக்க வேண்டும். சுதா மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். தண்ணீரில் எதுவோ தொப்பென்று விழுந்தது.

கானா, சுதாவா?

என் வாழ்க்கையில் எத்தனையோ பயத்தைப் பார்த்தவள் நான். இந்தத் தொடரின் தொடக்கத்தில் அவற்றில் சிலதை எழுதியும் இருக்கிறேன். அப்போதெல்லாம் ஓட முடிந்தது, ஒளிக்க முடிந்தது. நன்றாக நீந்தத் தெரிந்த நான், இரண்டு கையும் சும்மா கிடக்க, ஒரு ரயில் நிலைய வாங்கில் இருந்து தண்ணீர்ச் சத்தம் கேட்கிறேன்.  ராணி அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தா. திறப்பு எங்கள் இருவருக்கும் நடுவில் சதையைக் குத்திக்கொண்டிருந்தது.

திரும்பவும் தொப்பென்று சத்தம். அப்படியென்றால் முதல் எறி தவறியிருக்க வேண்டும். அல்லது முதலில் கான், இப்போது சுதா.

பிறகு எதுவும் கேட்கவில்லை. காற்றுத்தான்.

கொழும்பு ரயில் வந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். எங்களில் ஒருத்தரும் அசையவில்லை. யாரோ என் பெட்டியை ஏற்றட்டுமா என்று கேட்டார்கள்.  ரயில் போய்விட்டது.

அதற்கும் பிறகுதான் இருமல் கேட்டது. சின்னப் பிள்ளையின் இருமல். இருமி, ஓங்காளித்து, பிறகு பெரிய குரலில் ஓவென்று அழத் தொடங்கியது. என் தொழிலில் அதைவிட நல்ல சத்தம் ஒன்றும் இல்லை. நான் போனைச் சத்தமாக வைத்தேன். சங்கம் முழுவதும் அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு வாங்கைச் சுற்றி நின்றது.

புல்லில் கிடந்த போனை யாரோ எடுத்தார்கள். மூச்சு இரைத்தது. பிள்ளை எப்படி இருக்கிறாள், எங்கே கானைப் பிடித்தாள் என்று நான் ஏதேதோ கேட்டேன். சுதா என்னை இடைமறித்தாள்.

"அக்கா," என்றாள். "நான் இறங்கேல்லை."

திரும்பவும் அதையே சொன்னாள். பிறகுதான் அழுதாள்.

பெறாமகளுக்கு

நான் அன்று ரயில் ஏறவில்லை. அதே மினிபஸ்ஸில் எல்லாரோடும் திரும்பிப் போனேன்.  ராணி அக்கா இறங்கிய கையோடு அலுமாரியைத் திறந்து, மிதவையை எடுத்து, பழக்கத்தில் திரும்பவும் பூட்டி, மிதவையை மரத்தில் மாட்டி, திறப்பைக் குளத்துக்குள் எறிந்தா. சங்கத்துக் கணக்குப் புத்தகமும் அந்த அலுமாரிக்குள்தான் என்று பிறகு பூட்டை உடைத்தது வேறு கதை.

மூன்று கிழமையில் நான் செய்தது நல்லதா? எனக்குத் தெரியாது. நான் போகாமல் விட்டிருந்தால் அந்தப் பிள்ளை வான் பாயும் குளத்தில் இறங்கியே இருக்கமாட்டாள். இந்த எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. நீ போவதென்றால் போ, மகள். உன்னோடு இந்தப் பயத்தையும் கூட்டிக்கொண்டு போ. திரும்பி வரும்போது அதை அங்கே விட்டுவிட்டு வரலாம் என்று நினைக்காதே.

இப்போதும் மாரி தொடங்கினால் எனக்கு நித்திரை இல்லை. போன் அடித்து அதில் சுதாவின் பெயரைக் கண்டால், பயத்தில் நாலைந்து மணி அடிக்கவிட்டுத்தான் எடுப்பேன். அது அவளுக்குத் தெரியும். அதனால் அவள் ஒருநாளும் சுகம் கேட்டுத் தொடங்குவதில்லை.

"பிள்ளை எனக்குப் பக்கத்திலதான் நிக்கிறாள் அக்கா," என்பாள் முதலில். நான் மூச்சு விடும்வரை காத்திருப்பாள். "இனிச் சொல்லுங்கோ. எப்பிடி இருக்கிறியள்?"